மேற்கே காலி இடம்

கடலை பிடுங்கி முடித்த வயலின் வடக்கு வரப்பில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நபீஸா உட்கார்ந்திருந்தார். மடியில் தண்ணீர் பாட்டில். ஒரு கையில் சிவப்புத் துணி. கழுத்தில், கறுப்புக் கயிற்றில் கோத்த விசில். முதல் நாள்தான் அறந்தாங்கியில் விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியது. கடைக்காரர் ஒட்டிய சீட்டு இன்னும் அதில் இருந்தது.

அவருக்கு எதிரே, என் அக்கா பாக்கியத்தின் வீட்டுக் கொல்லையில், ஒரு பட்ட வேப்பமரம் நின்றது. நாற்பது அடி உயரம். வெட்டுகிறவரைத் தவிர யாரும் எண்பது அடிக்குள் நிற்கக் கூடாது என்பது ஏற்பாடு. அந்த எண்பது அடியைக் காலால் அளந்து நாற்காலியைப் போட்டுக் கொடுத்தவர் ரபீக், நபீஸாவின் கணவர். மரம் வெட்டுகிறவர். அன்று காலை ஏழு மணி நிலவரப்படி சொன்னால், முன்பு மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்.

அக்காவையும் வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்து வரப்பில் நிறுத்தியிருந்தோம். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"ஏன் தம்பி, எங்க வீட்டு அடுப்படியில நிக்க எனக்கே பெர்மிசன் இல்லையா?" என்று என்னிடம் கேட்டார்.

"அரை மணி நேரந்தான்க்கா. மரம் விழுந்ததும் போயிக்கலாம்" என்றார் ரபீக்.

"இட்லி கல்லாப் போச்சுன்னா நீங்கதான் பாய் திங்கணும்."

ரபீக் சிரித்தார். தலையில் ஆரஞ்சு நிறத் தலைக்கவசம். அதன் முன்னால் கம்பிவலை, பக்கங்களில் காதை மூடும் தடித்த வட்டுகள். காலில் பூட்ஸ். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, உள்ளே நார் அடைத்த கனத்த கால்சட்டை. மரம் அறுக்கும் மெஷினின் சங்கிலி தப்பித்தவறி அதில் பட்டால், நார் வெளியே வந்து பல்லில் சிக்கி மெஷினை நிறுத்திவிடுமாம். புரட்டாசி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தாலே எனக்கு வேர்த்தது.

"மரம் வெட்ட வந்தீங்களா, நெலாவுக்குப் போறீங்களா?" அக்கா விடவில்லை.

மெஷின் மரத்தடியில் சாக்கின் மேல் கிடந்தது. ரபீக் அதைத் தொடவில்லை. ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டார். மரத்துக்குப் பின்புறம் போய், உச்சியைப் பார்த்தபடியே, முதுகு காட்டாமல் பின்னால் பின்னால் நடக்க ஆரம்பித்தார். மேற்குப் பக்கமாக.

அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவருக்கு எழுதிக் கொடுத்தவன் நான்.

மரவடை

ஆலங்குடியில் முப்பத்தோரு ஆண்டுகள் பத்திரம் எழுதியிருக்கிறேன். தேதி போடாத காகிதம் எனக்குக் காகிதமே அல்ல. வார இதழில் நான் எழுதும் இந்தத் தொடரின் முதல் சில வாரங்களில் நாள், கிழமை, நட்சத்திரம் வரை எழுதி அனுப்பினேன். ஆசிரியர் ஓர் அஞ்சலட்டை போட்டார்: "ஐயா, வாசகர்கள் கல்யாணப் பத்திரிகை படிக்கவில்லை." அன்றிலிருந்து தேதிகள் என் நாட்குறிப்பிலேயே தங்கிவிட்டன. ஆகவே, போன புரட்டாசியில் ஒரு புதன்கிழமை என்று மட்டும் சொல்கிறேன். கிழமைக்குக் காரணம் உண்டு. செவ்வாயும் வெள்ளியும் வேப்பமரத்தில் கை வைக்க அக்கா சம்மதிக்கவில்லை. வெள்ளி ரபீக்குக்கும் ஜும்ஆ நாள்.

கிரயப் பத்திரங்களில் ஒரு பழைய வாசகம் வரும். மாவடை, மரவடை, நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று வாய் நிறைய அடுக்கிக்கொண்டே போவோம். நிலத்தோடு அதன் மேலும் கீழும் இருக்கிற எல்லாம் வாங்குகிறவருக்குச் சேரும் என்பது பொருள். தரு என்றால் மரம். அந்த ஒரு சொல்லில் எத்தனை தென்னை, எத்தனை முந்திரி, எத்தனை புளி கைமாறியிருக்கும் என்று சில சமயம் யோசிப்பேன். அவற்றில் ஒன்றையாவது நான் தொட்டுப் பார்த்ததில்லை.

பத்திரத்தில் இன்னொரு பகுதி, செக்குபந்தி. அதாவது நான்கு எல்லை. இன்னாருடைய புஞ்சைக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்று எழுதுவது. இதைப் படிக்கும் என் தொழில்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம்மில் பலர் நிலத்துக்குப் போவதில்லை. மூலப்பத்திரத்தை எடுத்துவைத்து, அதில் உள்ள எல்லையை அப்படியே இறக்கிவிடுவோம். கிழக்கே இருந்த புஞ்சை எப்போதோ பெட்ரோல் பங்க் ஆகியிருக்கும். பத்திரத்தில் மட்டும் அந்த மனிதர் இன்னும் உழுதுகொண்டிருப்பார்.

ஒருவருக்கும் இதனால் கை கால் போனதில்லை. அதனால்தான் அது பழக்கமாகவே ஆகிவிட்டது.

கைலி

ரபீக் எனக்கு அடுத்த தெரு. வளைகுடாவில் ஒரு பூங்காப் பராமரிப்பு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் மரம் வெட்டினார். பேரீச்சை, வாகை, சாலையோரத்து மரங்கள். கஜா புயல் அடித்தபோது விடுமுறையில் ஊரில் இருந்தார்.

அந்த நாட்களை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு இருந்த இடத்தில் வானம் இருந்தது. சாலை எது, தோப்பு எது என்று தெரியவில்லை. என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: "சத்தம் நின்றது. காக்கை இல்லை."

மூன்றாம் நாள் ரபீக் தஞ்சாவூர் வரை போய் ஒரு மரம் அறுக்கும் மெஷின் வாங்கிவந்தார். அதற்குப் பிறகு அவர் வீட்டு வாசலில் ஆள் குறையவில்லை. வீட்டின் மேல் விழுந்த மரம், சாலையை அடைத்த மரம், மாட்டின் மேல் கிடந்த மரம். காலையில் தொடங்கினால் மாலை வரை அந்தச் சத்தம். என் தோப்பில் விழுந்த எண்பத்தாறு தென்னைகளையும் அவர்தான் துண்டு போட்டார்.

வேலை தொடங்கிய ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, கீரமங்கலம் போகிற வழியில் ஒரு தோப்பில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டு மரங்களை அறுக்கும்போது கைலியின் ஓரம் சங்கிலியில் மாட்டியது. துணியை இழுத்த மெஷின், துணியோடு சேர்ந்து தொடைக்கு வந்துவிட்டது. இருபத்தேழு தையல். எண்ணியது நான் அல்ல, நபீஸா. இரண்டு மாதம் கட்டுப் பிரித்துக் கட்டியவர் அவர்தான்.

நான் பார்க்கப் போனபோது ரபீக் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"அங்க பேண்ட்டு, பூட்ஸு, ஹெல்மெட்டு இல்லாம மெஷினத் தொட்டா, அன்னைக்கு வேல கெடையாதுண்ணே. ரூமுக்குத் திருப்பி அனுப்பிருவாங்க. சூப்பர்வைசர் ஒருத்தரு நிழல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பாரு. ஒம்பது வருசமும் ஒரு நாள் தவறாமப் போட்டேன்."

"இங்கே ஏன் போடவில்லை?" என்று கேட்டேன்.

கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். "நம்ம ஊருதானே, யாரு பாக்கப் போறான்னு கைலிய மடிச்சுக் கட்டிட்டேன்."

இதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. திருச்சி விமான நிலையத்தில் உறவினர்களை அழைத்துவரப் பலமுறை போயிருக்கிறேன். அங்கே பத்து வருடம் பெல்ட் போடாமல் கார் ஏறாத மனிதர்கள், இங்கே காரில் ஏறியதும் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் சொருகிவிட்டு, "அப்பாடா, ஊருக்கு வந்தாச்சு" என்று கால் நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஊர் என்றால் நமக்குப் பார்ப்பவர் இல்லாத இடம் என்று பொருள் போலிருக்கிறது.

கால் ஆறியது. மெஷினுக்கு எண்ணெய் போட்டுச் சாக்கில் கட்டி, நபீஸா பரணில் ஏற்றிவிட்டார். ரபீக் அறந்தாங்கியில் மச்சினர் கடைக்கு வேலைக்குப் போனார். ஆணி, கம்பி, பெயிண்ட். ஆறு வருடம். கடையில் அவரைப் பார்க்கும்போதெல்லாம், கூண்டில் நிற்பவர்போல் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

நபீஸாவின் நிபந்தனை

போன ஆவணியில் நபீஸா ஒரு காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். ரபீக்கின் பழைய நிறுவனம் மறுபடி ஆள் கேட்டிருந்தது. ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். படித்தேன். மூன்று வருடம்.

"என்ன முடிவு செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"போறேங்கிறாங்க. போனா மூணு வருசம் நானும் எங்க மாமியாரும் செவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும். போகாதீங்கன்னு சொன்னா, அப்ப மெஷின எறக்குறேங்கிறாங்க. அதைக் கேட்டா அந்த இருபத்தேழு தையலும் என் கண்ணு முன்னால நிக்குது." காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "நேத்து ஒண்ணு சொல்லிட்டேன்ணே. ஒரே ஒரு மரம். நான் நின்னு பாக்க வெட்டட்டும். எனக்குத் திருப்தியா இருந்துச்சுன்னா மெஷினு கீழயே இருக்கட்டும். இல்லேன்னா அதை வித்துப்புட்டு பிளேன் ஏறட்டும். அங்கயாவது பாக்க ஒரு ஆளு நிப்பாரு."

பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுக்க ஒரு மாதம் தவணை இருந்தது. புரட்டாசியில் ஒரு சனிக்கிழமையோடு அது முடியும்.

அந்த ஒரு மரமாகத்தான் அக்கா வீட்டு வேம்பு வந்து அமைந்தது. இரண்டு வருடமாகக் கிளை காய்ந்து, நுனி கருகி, முழுதாகப் பட்டுவிட்ட மரம். புயலில் கொஞ்சம் வீட்டுப் பக்கம் சாய்ந்தும் இருந்தது. காற்றடித்தால் சுள்ளி மொட்டைமாடியில் விழும். ஐப்பசி மழைக்கு முன்னால் இறக்கியாக வேண்டும்.

நான் சும்மா இருப்பேனா? புதுக்கோட்டை நூலகத்தில் மரம் வெட்டும் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தேடிப்பிடித்து, மூன்று நாள் உட்கார்ந்து குறிப்பெடுத்து, ரபீக்கிடம் படித்துக்காட்டினேன். தோளுக்கு மேலே மெஷினைத் தூக்கக் கூடாது. சங்கிலி ஓடும் வாளின் நுனி மரத்தில் இடித்தால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். தனியாக வேலை செய்யக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "எல்லாம் சரிதாண்ணே. புத்தகத்துல வேர்வதான் வராது. வேர்த்தா மொதல்ல ஹெல்மெட்டத்தான் கழட்டத் தோணும்" என்றார்.

நான்கு எல்லை

செவ்வாய் மாலை அக்கா மரத்தடியில் மஞ்சள் நீர் ஊற்றினார். "நாளைக்கு வெட்டுறோம். இருக்கிறவங்க எந்திரிச்சுப் போயிருங்க" என்று மரத்தைப் பார்த்துச் சொன்னார். அணிலுக்கோ, ஆத்தாளுக்கோ, யாருக்குச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ரபீக்கும் மரியாதையாகத் தள்ளி நின்றார். பிறகு மரத்தைச் சுற்றிவந்து, பொந்து இருக்கிறதா, தேன்கூடு இருக்கிறதா என்று பார்த்தார்.

வீட்டுப் பக்கக் கிளைகளைப் போன வாரமே ஓர் ஆள் ஏறி அரிவாளால் கழித்திருந்தார். மீதிப் பாரம் கிழக்கே, வயல் பக்கம். மரம் கிழக்கே விழ வேண்டும். வடக்கே திரும்பி வீட்டின் மேல் போய்விடாமல், அன்றே அந்த ஆளை விட்டு உச்சிக்குக் கீழே ஒரு தாம்புக் கயிற்றைக் கட்டி, தென்கிழக்கில் வயலோரத்துத் தென்னையின் அடியில் முறுக்கிக் கட்டியாயிற்று.

"அண்ணே, அங்க ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு ஃபார்ம் எழுதணும். சுத்தி என்னென்ன இருக்குன்னு. பத்திரத்துல நாலு எல்லை எழுதுவீங்கள்ல, அதே மாதிரி இதுக்கு எழுதிக் குடுங்க. நாளைக்கு நபீஸா கையில இருக்கட்டும்" என்றார் ரபீக்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. காப்பி டம்ளரை ஓரமாக வைத்து, முன்வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, புது நோட்டில் முத்து முத்தாக எழுதினேன்:

"வேப்பமரம் ஒன்றுக்குச் செக்குபந்தி. கிழக்கே, பாக்கியத்தின் கடலை வயல். தெற்கே, பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையும் மின்கம்பியும். வடக்கே, பாக்கியத்தின் மச்சு வீடு. மேற்கே, காலி இடம்."

எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டுப் பத்திரத்தை எழுதியவனே நான்தான். அத்தான் பாகம் பிரித்த வருடம் எழுதியது. மேற்கே காலி இடம். மனப்பாடம்.

கடப்பாரைச் சத்தம்

இப்போது புதன்கிழமைக் காலைக்கு வருகிறேன்.

மரம் சாயத் தொடங்கியதும் வெட்டுகிறவர் அங்கே நிற்கக் கூடாது. விழுகிற பக்கத்துக்கு நேர் பின்னாலும் போகக் கூடாது. அடிமரம் சில சமயம் வெட்டிய இடத்திலிருந்து துள்ளிப் பின்னால் வரும். பின்பக்கம், சாய்வாக, ஒதுங்கிப் போக வேண்டும். வலப்பக்கம் ஒரு வழி, இடப்பக்கம் ஒரு வழி. அந்த இரண்டு வழிகளையும் மெஷினைத் தொடும் முன்பே நடந்து பார்க்க வேண்டும் என்பது ரபீக்கின் வழக்கம்.

"மரம் சாயும்போது நான் மேலதான் பாத்துக்கிட்டு இருப்பேன். கீழ பாக்க நேரமிருக்காது. அதனால காலுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்துரணும்" என்று சொல்லியிருந்தார்.

வடமேற்கு வழியை நடந்து முடித்தார். சுத்தம். மறுபடி மரத்தடிக்கு வந்து, தென்மேற்கே தொடங்கினார். கண் உச்சியில். கை மட்டும் ஒவ்வோர் அடிக்கும் பின்பக்கம் கடப்பாரையால் தரையைத் தட்டியது. வேப்பஞ்சருகு மெத்தைபோல் கிடந்தது.

தப். தப். தப். தப். தப்.

டொக்.

ரபீக் நின்றார். திரும்பினார். பூட்ஸால் சருகை விலக்கினார். கீழே ஒரு வட்டமான சிமெண்டு மூடி, குறுக்கே விரிசல் ஓடியது. கடப்பாரை நுனியால் லேசாக ஊன்றினார். ஒரு துண்டு பெயர்ந்து உள்ளே போனது. கொஞ்சம் கழித்து அடியில் விழுந்த சத்தம் கேட்டது.

"அட, அது பழைய கக்கூஸ் குழி" என்றார் அக்கா, வரப்பிலிருந்து. "நெறைஞ்சு போச்சுன்னு அடுத்த குழிக்கு மாத்தி நாலு வருசமாச்சே. உள்ள எல்லாம் வத்தி அமுங்கியிருக்கும்."

"ஏன்க்கா சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீ கேட்டியா? பத்திரத்துல கக்கூஸ் குழியெல்லாமா எழுதுவாங்க?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்டார். கையில் மெஷினோடு பின்வாங்குகிற ஒரு மனிதரின் கால் அந்த விரிசலில் இறங்குவதையும், அவருக்கு மேலே நாற்பது அடி மரம் ஆடுவதையும் என் கண் தானாகவே பார்த்துக்கொண்டிருந்தது. முப்பத்தோரு வருடம் நான் எழுதிய எல்லைகள் எல்லாம் சேர்ந்து அந்தக் குழிக்குள் விழுந்ததுபோல் இருந்தது.

நபீஸா எழுந்துவிட்டார். வயலைக் கடந்து வந்தார். விசில் வாயில் இருந்தது, ஊதவில்லை. குழியின் ஓரத்தில் நின்று உள்ளே பார்த்தார். கணவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை பாஸ்போர்ட் போய்விடும். என்னால்.

"என் தப்பும்மா. நான் வந்து பார்க்காமல் எழுதிவிட்டேன்" என்றேன்.

நபீஸா விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"வழிய மாத்துங்க" என்றார் ரபீக்கிடம்.

குழியின் மேல் முள் வெட்டிப் போட்டோம். அக்காவின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணி ஒன்றைக் குச்சியில் கட்டி நட்டோம். அந்த வழியை ரபீக் நன்றாகத் தெற்கே தள்ளிவைத்தார். சருகைத் தரை தெரியும்வரை கூட்டினேன். அதை நானே செய்தேன். யாரும் சொல்லவில்லை.

"நடங்க" என்றார் நபீஸா.

ரபீக் நடந்தார். கண் மேலே, கடப்பாரை பின்னே.

"இன்னொரு தடவ."

நடந்தார்.

"அங்கிட்டு உள்ளதையும்."

வடமேற்கையும் நடந்தார். ஹெல்மெட்டுக்கு அடியில் வேர்வை கழுத்துவரை ஓடியது. அவர் கை ஒருமுறை தாடைப் பட்டைக்குப் போனது. நபீஸா பார்த்துக்கொண்டே இருந்தார். கை கீழே இறங்கியது.

பிறகு ரபீக் என்னிடம் வந்தார். "அண்ணே, நோட்டுல திருத்திருங்க. அப்புறம் நாலு எல்லை பத்தாது. மேல, கீழ, ரெண்டையும் சேத்துக்கங்க."

மேலே என்ன இருக்கிறது என்று எழுதுவதற்கு, கழுத்து வலிக்கிறவரை மரத்தை நாலு பக்கமும் சுற்றி அண்ணாந்து பார்த்தேன். தெற்குக் கவட்டில் ஒடிந்த கிளைத்துண்டு ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. தொரட்டியால் அதை இழுத்துப்போட்டார் ரபீக்.

கீல்

மெஷினைக் கையில் தூக்கிப்பிடித்துக் கயிற்றை இழுத்துக் கிளப்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ரபீக் அப்படிச் செய்யவில்லை. தரையில் வைத்து, பின்பிடிக்குள் பூட்ஸை நுழைத்து மிதித்து, சங்கிலியைப் பிரேக்கில் பூட்டிவிட்டு இழுத்தார். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. ஆறு வருடம் கழித்து அந்தச் சத்தம். நாற்காலிக்குத் திரும்பியிருந்த நபீஸாவின் கை பாட்டிலை இறுக்கியது. உடனே மெஷினை அணைத்துவிட்டு வரப்பைப் பார்த்தார் ரபீக். நபீஸா சுற்றுமுற்றும் பார்த்து நீளமாக ஒரு விசில் கொடுத்தார். யாரும் உள்ளே இல்லை என்று பொருள்.

முதலில் கிழக்குப் பக்கம் ஒரு வாய் எடுத்தார். பூசணியில் கீற்று எடுப்பதுபோல் ஒரு துண்டு வெளியே வந்து விழுந்தது. கசப்பு வாசம் எங்கள்வரை வந்தது. பட்ட மரத்திலும் அந்தக் கசப்பு அப்படியே இருந்தது.

மெஷினை அணைத்து நிமிர்ந்து வரப்பைப் பார்த்தார். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பார்க்க வேண்டும் என்பது பேச்சு. பார்த்தது நல்லதாயிற்று. நபீஸா சிவப்புத் துணியை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தார். வயலின் குறுக்கே, செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி பக்கத்து வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார், மரம் விழ வேண்டிய அதே பாதையில்.

"அண்ணே! அண்ணே!" நபீஸா கத்தினார். அவர் கையசைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். நபீஸா விசிலை எடுத்து, காது கிழிய ஊதினார். அவர் துள்ளிக் குதித்ததில் போன் கீழே விழுந்தது.

"என்னம்மா, டிராபிக் போலீஸா?"

"ஆமா. வண்டிய ஓரங்கட்டுங்க!"

அக்கா அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

அவர் வரப்பேறிய பிறகு மறுபடி விசில். ரபீக் பின்பக்கம் போய், வாய் எடுத்த இடத்துக்கு இரண்டு விரற்கடை மேலே அறுத்தார். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முன்வெட்டும் பின்வெட்டும் சந்தித்துவிடக் கூடாது. நடுவில் ஒரு பட்டை அறுபடாமல் நிற்க வேண்டும். கதவுக்குக் கீல்போல. அதில்தான் மரம் திரும்பும். அதையும் அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்குப் போகும். கொஞ்சம் அறுத்ததும் பின்வெட்டில் ஆப்பு வைத்துத் தட்டினார். அறுத்தார். நிறுத்திப் பார்த்தார். தட்டினார்.

உச்சி ஒரு விரல் அசைந்தது.

அறுப்பை நிறுத்திவிட்டார். மெஷின் அணைந்தது. கடைசியாக ஆப்பில் இரண்டு அடி. எங்கோ உள்ளே ஒரு நீண்ட முனகல். ரபீக் அதற்குள் புறப்பட்டிருந்தார். ஓடவில்லை. கண் உச்சியில், கால் தென்மேற்கில். குழிமேல் நட்ட சிவப்புத் துணியிலிருந்து நன்றாக விலகி, நான் கூட்டிய தரையில், ஒரு முறையும் தடுமாறாமல் நடந்தார்.

மரம் கிழக்கே போனது. கயிறு தளர்ந்தது. வயலில் அடையாளத்துக்குக் குத்தியிருந்த தென்னை மட்டைக்கு ஒரு கை தூரத்தில் விழுந்து, தரை அதிர்ந்தது. செம்மண் புழுதி எழுந்து எங்கள் மேல் வந்தது. அக்கா வீட்டு மாடியில் ஒரு சுள்ளிகூட விழவில்லை.

ரபீக் ஒதுங்கிய இடத்திலேயே நின்றார். புழுதி அடங்கும்வரை மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் கம்பிவலையைத் தூக்கினார். முகம் முழுக்க வேர்வை. அது வேர்வை மட்டும்தானா என்று எண்பது அடியிலிருந்து சொல்ல முடியாது.

நபீஸா விசில் ஊத வேண்டும். ஊதினார். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார்.

சாட்சி

இட்லி கல்லாகத்தான் போயிருந்தது. சாம்பாரில் ஊறப்போட்டுச் சாப்பிட்டோம். ரபீக் ஏழு சாப்பிட்டார்.

பத்திரத்தில் அடித்தல் திருத்தல் வந்தால் மையால் மூடக் கூடாது. அடித்த சொல் வாசிக்கும்படி ஒரே கோடு போட்டு, மேலே திருத்தி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குவது என் வழக்கம். அப்படியே நோட்டை எடுத்தேன். "காலி இடம்" என்பதன் மேல் ஒரு கோடு. "தென்மேற்கே, பழைய கழிவறைக் குழி, மூடி விரிசல்" என்று எழுதினேன். மேலே, கீழே என்று இரண்டு வரி சேர்த்தேன். அக்கா நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். "கக்கூஸுக்குச் சாட்சி போட்டவ நானாத்தான் இருப்பேன்" என்றார்.

நோட்டை நபீஸாவிடம் நீட்டினேன். பேனாவை வாங்கியவர் உடனே போடவில்லை.

"அந்தக் குழியப் பாத்ததும் உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்டேன்.

"மரம் விழுகிறத நான் புயல்ல எவ்வளவோ பாத்துட்டேன்ணே. ஒரு தப்பு தெரிஞ்சா இவுங்க நிக்கிறாங்களான்னு பாக்கத்தான் வந்தேன்" என்றார். "நின்னாங்க."

சனிக்கிழமை ஏஜெண்ட் அழைத்தபோது நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். நபீஸாதான் போனை எடுத்தார். "இல்லைங்க, வரலை. இங்கயே சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் கெடைச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு வைத்தார். ரபீக் முற்றத்தில் உட்கார்ந்து, அரத்தால் சங்கிலிப் பல்லைத் தீட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. ஆனால் அரம் கொஞ்ச நேரம் நின்றது.

இதை எழுதும் வாரம்வரை நோட்டில் நாற்பத்தொரு மரங்கள் சேர்ந்திருக்கின்றன. திருமயம் பக்கம்கூடக் கூப்பிடுகிறார்கள். சிவப்பு நாற்காலி அவர்களுடைய வண்டியிலேயே கட்டிக்கிடக்கிறது. முடிகிறபோதெல்லாம் நானும் போகிறேன். ஆறு எல்லையையும் நடந்து, குனிந்து, அண்ணாந்து பார்த்த பிறகே பேனாவைத் திறக்கிறேன்.

முதல் பக்கத்தில் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. கோட்டுக்குக் கீழே "காலி இடம்" இன்னும் தெளிவாக வாசிக்கலாம். பக்கத்தில் நபீஸாவின் கையெழுத்து. அதற்குக் கீழே தேதி. ஆசிரியர் மன்னிக்க வேண்டும், அதை மட்டும் நான் விடவில்லை.